கலத்துக்குள்ள புரதத்தை லேபிள் பண்ணிப் பாக்குறது எப்படி: மலையகத்துல லேப் வேலை தொடங்குற தம்பி தங்கச்சிங்களுக்கு

பேராதனையோ, பதுளைப் பக்கம் ஊவா வெல்லஸ்ஸவோ, எந்த கேம்பஸா இருந்தாலும் இப்ப நம்ம தோட்டத்துப் புள்ளைங்க மொலிகியூலர் பயோலொஜி பக்கம் கொஞ்சம் கொஞ்சமா வர ஆரம்பிச்சிருக்காங்க, பாக்க அவ்வளவு சந்தோஷமா இருக்கு. ஆனா ஃபைனல் இயர் ரிசேர்ச்னு வந்தா சுப்பவைசர் "இந்தப் புரதம் கலத்துல எங்க இருக்குன்னு லேபிள் பண்ணிப் பாருங்க"ன்னு ஒரே வரியில சொல்லிட்டுப் போயிடுவாங்க, ஏ லெவல் வரைக்கும் தமிழ்ல படிச்ச புள்ளைக்கு அந்த ஒரு வரிக்குள்ள எத்தனை வேலை இருக்குன்னு யாரும் உக்காந்து சொல்லித் தர்றதில்ல. அதுக்காகத்தான் இதை எழுதுறேன், கொஞ்சம் நீளமாத்தான் வரும், பொறுத்துக்கோங்க.

முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன், மத்ததெல்லாம் மறந்தாலும் இதை மறக்காதீங்க. லேபிளை, அதாவது ஒளிர்ற சாயம் மாதிரி ஒரு அடையாளத்தை, ஒட்டுறதுக்கு கிட் இருக்கு, புரொட்டகோல் இருக்கு, யாரு வேணும்னாலும் ஒட்டிடலாம். ஒட்டுனதுக்கப்புறமும் அந்தப் புரதம் இருந்த இடத்துலயே இருக்கா, செஞ்ச வேலையையே செய்யுதா, நீங்க பாக்குற வெளிச்சம் அந்தப் புரதத்தோடதுதானா, இதை நிரூபிக்கிறதுலதான் உங்க மூளை வேலை செய்யணும். கீழ சொல்ற ஒவ்வொரு முறையையும் இந்தக் கண்ணோடயே பாருங்க.

எந்த முறைன்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேட்டுக்கோங்க. கலம் உயிரோட இருக்கும்போது பாக்கணுமா, இல்ல ஃபிக்ஸ் பண்ணி, அதாவது இரசாயனம் போட்டு கலத்தை இருக்குறபடியே நிறுத்தி, பாத்தா போதுமா? அந்தப் புரதத்துக்கு நல்ல அன்டிபொடி (அதைத் தேடிப் புடிக்கிற இன்னொரு புரதம்) விலைக்குக் கிடைக்குதா? அந்தப் புரதத்தோட ஜீன் உங்க கையில ஒரு பிளாஸ்மிட்ல (ஜீனைக் கலத்துக்குள்ள கொண்டு போற சின்ன டிஎன்ஏ வளையம்) இருக்கா? உயிரோட பாக்கணும், ஜீனும் இருக்குன்னா டேக், அதாவது ஜீன்லயே சேத்து எழுதுற ஒரு ஒட்டு, போட்டுப் போங்க. ஃபிக்ஸ் பண்ணா போதும், அன்டிபொடி இருக்குன்னா இம்யூனோஃபுளோரசன்ஸ், அதாவது சாயம் ஒட்டுன அன்டிபொடியை வச்சுப் பாக்குறது. கையில சுத்தமான புரதமே இருக்கு, அதுக்குச் சாயம் ஏத்தணும்னா கெமிக்கல் லேபிளிங். பெரும்பாலும் இந்த மூணுக்குள்ள வந்துடும்.

டேக்ல இருந்து தொடங்குவோம். எல்லாருக்கும் தெரிஞ்சது ஜிஎஃப்பி, பச்சை வெளிச்சம் தர்ற புரதம். 1962ல ஒசாமு ஷிமோமுரா ஒரு ஜெலி மீன்ல இருந்து பிரிச்செடுத்தாரு, 1994ல மார்ட்டின் சால்ஃபி அதை பக்டீரியாவுலயும் ஒரு சின்னப் புழுவுலயும் எரிய வச்சுக் காட்டுனாரு, ரொஜர் சியன் அதை இன்னும் பிரகாசமாக்கி வேற வேற நிறத்துல எல்லாம் கொண்டு வந்தாரு, மூணு பேருக்கும் சேத்து 2008ல இரசாயனத்துக்கான நோபல் குடுத்தாங்க. இதோட அழகு என்னன்னா 238 அமினோ அமிலம் தானாவே மடிஞ்சு, வெளியில இருந்து வேற எந்தப் பொருளும் வாங்காம, ஒட்சிசன் மட்டும் இருந்தா தனக்குள்ளயே அந்த நிறத்தைச் செஞ்சுக்குது. உங்க ஜீனோட இதோட ஜீனைச் சேத்து எழுதிட்டா கலமே லேபிள் பண்ணிக் குடுத்துடும். ஆனா அது 27 கிலோடால்டன். உங்க புரதம் 15 கிலோடால்டன்னா தன்னை விடப் பெரிய ஒண்ணைத் தலையில தூக்கிக்கிட்டுப் போகுதுன்னு அர்த்தம், இதை நல்லா யோசிச்சுக்கோங்க.

டேக்கை எந்த முனையில போடுறதுங்கறதுதான் நிறைய பேர் யோசிக்காம விடுற இடம். வெளிய சுரக்குற புரதத்துக்கும் மென்சவ்வுக்குப் போற நிறைய புரதத்துக்கும் N முனையில (புரதம் தொடங்குற முனை) எங்க போகணும்னு சொல்ற சிக்னல் பெப்டைட் இருக்கும், அதுக்கு முன்னாடி ஜிஎஃப்பியை ஒட்டுனா வழி தெரியாம சைட்டோபிளாசத்துலயே நின்னுடும். பெராக்சிசோமுக்குப் போற நிறைய புரதத்துக்கு விலாசம் C முனையோட (புரதம் முடியிற முனை) கடைசி மூணு அமினோ அமிலத்துல இருக்கு, அங்க மூடுனாலும் அதே கதிதான். அதனால முடிஞ்சா ரெண்டு முனையிலயும் தனித்தனியா செஞ்சு, ரெண்டும் ஒரே இடத்தைக் காட்டுதான்னு பாருங்க, நடுவுல கிளைசின் சீரின் நிறைஞ்ச ஒரு லிங்கர் வைங்க. அப்புறம் லைசோசோம் மாதிரி அமிலமான இடத்துல பச்சை ஜிஎஃப்பி மங்கிடும், புரதம் அங்க இல்லன்னு நீங்க முடிவெடுத்துடுவீங்க, அந்த மாதிரி இடத்துக்கு எம்செரின்னு சிவப்பா ஒளிர்ற புரதத்தை எடுங்க, அமிலத்தைத் தாங்கும்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது ஹேலோடேக், ஸ்னாப்டேக் ரெண்டும்தான். இதுங்க தானா எரியாது. ஹேலோடேக் ஒரு பக்டீரியா நொதியத்தை மாத்திச் செஞ்சது, 33 கிலோடால்டன், குளோரோஅல்கேன் வால் உள்ள எந்தச் சாயத்தைக் குடுத்தாலும் புடிச்சு கோவலன்டா (பங்கீட்டுவலுப் பிணைப்பால) பூட்டிக்கும், திரும்ப விடாது. ஸ்னாப்டேக் மனுசக் கலத்துல டிஎன்ஏவைத் திருத்துற ஒரு நொதியத்துல இருந்து வந்தது, 20 கிலோடால்டன் அளவு, பென்சைல்குவானின் இருக்குற சாயத்தைப் புடிக்கும். என்ன நன்மைன்னா, ஒரே பிளாஸ்மிட்டை வச்சு இன்னிக்கு சிவப்பு, நாளைக்கு பச்சை, வேற நாள் பயோட்டின்னு மாத்தி மாத்திப் போடலாம். பழைய புரதத்தை ஒரு நிறத்துலயும் அதுக்கப்புறம் புதுசா வந்ததை இன்னொரு நிறத்துலயும் பிரிச்சுக் காட்டலாம், முதல் சாயத்தை நிறையக் குடுத்து இருக்குற எல்லா டேக்கையும் நிரப்பிட்டு, கழுவிட்டு, கொஞ்ச நேரம் விட்டு ரெண்டாவது சாயம். ஹேலோடேக்குக்கு, அந்த வால் உள்ள டிஎம்ஆர் லிகண்ட்ங்கற சாயம்னா உயிர்க் கலத்துக்கு 5 மைக்ரோமோலார், 15 நிமிஷம், பிறகு கழுவி புது மீடியத்துல ஒரு 30 நிமிஷம் இன்கியூபேட்டர்ல விடுங்க, ஒட்டாத சாயம் வெளிய வந்துடும். அந்த 30 நிமிஷத்தை அவசரப்பட்டு வெட்டாதீங்க, பின்னணி முழுக்க வெளிச்சமா தெரியுறதுக்கு முக்கால்வாசி காரணம் அதுதான்.

இன்னொரு இலாபம், இந்தப் பூட்டு எஸ்டிஎஸ் (புரதத்தை விரிக்கிற சவர்க்காரம்) போட்டுக் கொதிக்க வச்சாலும் கழராது. மைக்ரோஸ்கோப்ல பாத்த அதே கலத்தை உடைச்சு ஜெல்ல ஓட்டி, மெம்பிரேனுக்கு மாத்தாமலே ஜெல்லை அப்படியே ஃபுளோரசன்ஸ் ஸ்கேனர்ல வச்சா பேன்ட் தெரியும். சரியான அளவுல ஒரே ஒரு பேன்ட் இருந்தா நீங்க பாத்த படத்துக்கு அதுவே சாட்சி. கீழ சின்னதா இன்னொரு பேன்ட் இருந்தா டேக் உடைஞ்சு தனியா சுத்துதுன்னு அர்த்தம், அப்ப படத்துல தெரியிற வெளிச்சத்துல ஒரு பங்கு உங்க புரதத்தோடது இல்ல. ஜிஎஃப்பி போட்டவங்களும் ஜிஎஃப்பி அன்டிபொடி வச்சு ஒரு வெஸ்டர்ன் (ஜெல்ல பிரிச்ச புரதத்தை மெம்பிரேனுக்கு மாத்தி அன்டிபொடியால தேடுறது) கட்டாயம் ஓட்டிப் பாத்துடுங்க.

பெரிய டேக் ஆகாதுன்னா ஃபிளாக், எச்ஏ, மிக் மாதிரி குட்டி டேக் இருக்கு, ஃபிளாக் வெறும் எட்டு அமினோ அமிலம், எச்ஏ ஒன்பது, மிக் பத்து. புரதத்துக்கு பாரமே தெரியாது, ஆனா தானா எரியாது, அன்டிபொடி வேணும், அதனால கலத்துக்குள்ள பாக்கணும்னா ஃபிக்ஸ் பண்ணித்தான் ஆகணும்.

சரி, இம்யூனோஃபுளோரசன்ஸ். அல்பர்ட் கூன்ஸ் 1941லயே அன்டிபொடியில ஒளிர்ற சாயத்தை ஒட்டிக் காட்டிட்டாரு, இன்னும் அதே தத்துவம்தான். கவர்ஸ்லிப் வாங்கும்போது 1.5 நம்பர்னு கேட்டு வாங்குங்க, 0.17 மில்லிமீட்டர் தடிப்பு, நல்ல ஒப்ஜெக்டிவ் லென்ஸ் எல்லாம் அந்தத் தடிப்புக்குத்தான் கணக்குப் போட்டுச் செஞ்சிருக்கு. கலம் ஒட்டுன கவர்ஸ்லிப்பை பிபிஎஸ்ல (உப்பு பஃபர் கரைசல்) மெதுவா கழுவி, 4% பரஃபோர்மல்டிஹைட் 10லருந்து 15 நிமிஷம், இதை ஃபியூம் ஹூட்டுக்குள்ள மட்டும் செய்யுங்க, கண்ணுக்கும் மூச்சுக்கும் நல்லதில்ல. திரும்பக் கழுவி, 0.1லருந்து 0.3% வரைக்கும் டிரைட்டன் 10 நிமிஷம், அன்டிபொடி உள்ள போக மென்சவ்வுல ஓட்டை போடுறது இதுதான். அப்புறம் அன்டிபொடி கண்ட இடத்துல ஒட்டாம இருக்க, பிஎஸ்ஏ (மாட்டு சீரம் அல்புமின் புரதம்) இல்லன்னா ஆட்டு சீரம் வச்சு ஒரு மணித்தியாலம் பிளொக் பண்ணுங்க. முதல் அன்டிபொடியை ராத்திரி முழுக்க 4 டிகிரியில விடுங்க, காலையில மூணு தடவை, தடவைக்கு அஞ்சு நிமிஷம் கழுவி, சாயம் ஒட்டுன ரெண்டாவது அன்டிபொடியை இருட்டுல ஒரு மணித்தியாலம், திரும்பக் கழுவி கருவுக்கு டாப்பி போட்டு மவுன்ட் பண்ணிடுங்க. டாப்பி டிஎன்ஏவுல ஒட்டுற பொருள், கிளவுஸ் இல்லாம தொடாதீங்க.

மெதனோல்லயும் ஃபிக்ஸ் பண்ணலாம், சில அன்டிபொடிக்கு அதுதான் நல்லா வேலை செய்யும், ஆனா அதே கலத்துல ஜிஎஃப்பியும் இருந்தா மெதனோல் அதோட மடிப்பைக் கலைச்சு வெளிச்சத்தைக் கெடுத்துடும். ரெண்டும் வேணும்னா பரஃபோர்மல்டிஹைட் பக்கம் நில்லுங்க.

இப்ப நம்ம ஊர்க் கதைக்கு வர்றேன். எல்லா புரொட்டகோல்லயும் "ரூம் டெம்பரேச்சர்"னு எழுதியிருக்கும், எழுதுனவங்க மனசுல இருக்குறது 20லருந்து 25 டிகிரி. பேராதனையில அது சரியா வரும். நுவரெலியா, தலவாக்கலை பக்கம் ஒரு பாடசாலை லேப்லயோ ஆராய்ச்சி நிலையத்துலயோ ஜனவரி மாசம் காலையில மேசை மேல வச்சீங்கன்னா 15 டிகிரி கூட இருக்காது. அன்டிபொடி ஒட்டுற வேகம், டேக் சாயத்தைப் புடிக்கிற வேகம் எல்லாமே குறையும். அதனால மேசைக்குப் பக்கத்துல ஒரு தேர்மோமீட்டர் வச்சு, எந்த டிகிரியில செஞ்சீங்கன்னு நோட்டுல எழுதுங்க, முடிஞ்சா 25 டிகிரிக்கு செட் பண்ண ஒரு ஹீட் புளொக் இல்லன்னா வோட்டர் பாத்ல வைங்க. இல்லன்னா நுவரெலியாவுல வந்த ரிசல்ட்டும் கண்டியில வந்த ரிசல்ட்டும் ஏன் ஒத்துப் போகலன்னு மாசக்கணக்கா மண்டையை உடைச்சிக்கணும்.

அதை விடப் பெரிய எதிரி நம்ம மிஸ்ட். கெமிக்கல் லேபிளிங்ல அதிகமா பாவிக்கிறது என்எச்எஸ் எஸ்டர் சாயங்கள், புரதத்துல இருக்குற லைசினோட அமைன் மேல போய் ஒட்டும். தண்ணி பட்டா அதுவே தானா உடைஞ்சு செத்துப் போயிடும். பிஎச் 7ல 0 டிகிரியில பாதி உடைய நாலஞ்சு மணித்தியாலம் எடுக்கும், பிஎச் 8.6ல 4 டிகிரியிலயே பத்து நிமிஷந்தான். ஃபிரீசர்ல இருந்து எடுத்த குளிர்ந்த சின்னப் போத்தலை ஹந்தானைப் பக்கமோ ஹட்டன் பக்கமோ மழைக் காலத்துல அப்படியே திறந்தீங்கன்னா காத்துல இருக்குற ஈரம் உள்ள போய் பொடி மேலயே படியும், சாயத்தோட நிறம் அப்படியே இருக்கும், ஆனா ஒட்டுற சக்தி போயிருக்கும், பாத்தா கண்டே பிடிக்க முடியாது. அதனால போத்தலை சிலிக்கா ஜெல் போட்ட டெசிகேட்டர்ல வச்சு முழுசா அறை வெப்பத்துக்கு வந்ததுக்கப்புறம் மட்டும் திறங்க. ஈரமில்லாத டிஎம்எஸ்ஓங்கற கரைப்பான்ல கரைச்சு, ஒரு தடவைக்குத் தேவையான அளவா சின்னச் சின்ன டியூப்ல பிரிச்சு மைனஸ் 20ல போட்டுடுங்க. கரண்ட் போய்ப் போய் வர்ற இடம்னா டியூப் எல்லாத்தையும் சிலிக்கா ஜெல்லோட ஒரு இறுக்கமான டப்பாவுல போட்டு மூடி வைங்க.

ஒரு அன்டிபொடிக்குச் சாயம் ஏத்துற கணக்கை முழுசா செஞ்சு காட்டுறேன். ஐஜிஜி, அதாவது நாம வழக்கமா பாவிக்கிற அன்டிபொடி வகை, 150 கிலோடால்டன். மில்லிலிட்டருக்கு 2 மில்லிகிராம் உள்ளது 100 மைக்ரோலிட்டர் எடுத்தா அதுல 1.33 நானோமோல் இருக்கு. பத்து மடங்கு சாயம் போடணும்னா 13.3 நானோமோல், 5 மில்லிமோலார் ஸ்டொக்ல இருந்து 2.7 மைக்ரோலிட்டர். பஃபர் 0.1 மோலார் சோடியம் பைகாபனேட், பிஎச் 8.3. டிரிஸ், கிளைசின் ரெண்டுமே இருக்கக் கூடாது, அதுகள்லயும் அமைன் இருக்கு, சாயத்தை அதுக தின்னுடும். வாங்குன அன்டிபொடியில பிஎஸ்ஏ சேத்திருக்கான்னு லேபிளைப் படிங்க, இருந்தா சாயத்துல பெரும்பகுதி பிஎஸ்ஏ மேலதான் போகும், பிஎஸ்ஏ இல்லாததைக் கேட்டு வாங்குங்க. கலந்து இருட்டுல ஒரு மணித்தியாலம் வச்சு, டீசோல்டிங் கொலம்ல ஓட்டி ஒட்டாத சாயத்தைப் பிரிங்க.

பிறகு எத்தனை சாயம் ஒட்டியிருக்குன்னு அளக்கணும், இதை விட்டுட்டுப் போகாதீங்க. அலெக்சா 488ங்கற பச்சைச் சாயம்னு வைங்க. ஸ்பெக்ட்ரோவுல 280 நானோமீட்டர்ல 0.55, 494ல 0.75 வந்துச்சுன்னா, சாயமும் 280ல கொஞ்சம் உறிஞ்சும், அதுக்கு 0.75ஐ அந்தச் சாயத்தோட திருத்தக் காரணி 0.11ஆல பெருக்கி 0.55ல கழிங்க, 0.4675 வரும். அதை ஐஜிஜியோட மோலார் உறிஞ்சல் எண் 210000ஆல வகுத்தா புரதம் 2.23 மைக்ரோமோலார். 0.75ஐ சாயத்தோட மோலார் உறிஞ்சல் எண் 71000ஆல வகுத்தா சாயம் 10.6 மைக்ரோமோலார். ரெண்டையும் வகுத்தா ஒரு அன்டிபொடிக்கு சுமாரா 4.7 சாயம், அருமையான எண். ரெண்டுக்குக் கீழ போனா மங்கலா இருக்கும், பத்தைத் தாண்டுனா சாயம் ஒண்ணையொண்ணு அணைச்சு வெளிச்சம் குறையும், அன்டிஜெனைப் புடிக்கிற இடத்துலயும் சாயம் போய் உக்காந்திடும்.

லைசின் நிறைய இருக்கும், அதனால என்எச்எஸ் எங்க ஒட்டும்னு சொல்ல முடியாது. குறிப்பிட்ட ஒரு இடத்துல மட்டும் வேணும்னா சிஸ்டீன் மேல மலேமைட் போடுங்க, பிஎச் 6.5லருந்து 7.5க்குள்ள, அதுக்கு மேல போனா அமைனையும் தொட ஆரம்பிச்சிடும். டைசல்ஃபைட்டை உடைக்க டீசெப் நல்லது, அதே வேலை செய்யிற டிடிடி போட்டா அதோட தயோல் மலேமைட்டைக் குடிச்சிடும், முழுசா எடுத்துட்டுத்தான் சாயம் சேக்கணும்.

பயோட்டின் (ஒரு விற்றமின்), அதைப் புடிக்கிற ஸ்ட்ரெப்டவிடின் புரதம், இந்த ஜோடி ரொம்பப் பலமானது, கோவலன்ட் இல்லாத பிணைப்புகள்ல அதை மிஞ்சுறது அபூர்வம். ஆனா பால் பவுடர்ல பயோட்டின் இருக்கு, ஸ்ட்ரெப்டவிடின் வச்சு வெஸ்டர்ன் செய்யிறப்ப பாலை விட்டுட்டு பிஎஸ்ஏல பிளொக் பண்ணுங்க. அன்டிபொடியில ஒட்டியிருக்குற எச்ஆர்பி நொதியம் பாவிக்கிறவங்க சோடியம் அசைட்டை கிட்டயே விடாதீங்க, நொதியத்தை நிறுத்திடும். புதுசா உருவாகுற புரதத்தை மட்டும் பாக்கணும்னா கிளிக் கெமிஸ்ட்ரி (ரெண்டு மூலக்கூறை கிளிப் போட்ட மாதிரி ஒட்டுற முறை) இருக்கு, 2022ல நோபல் வாங்குனது, செப்பு பாவிக்கிற முறை உயிர்க் கலத்துக்கு நஞ்சு, அதுக்கு செப்பு இல்லாத டிபிகோ சாயங்கள் இருக்கு. அது தனியா எழுத வேண்டிய விஷயம்.

தேயிலையில செய்யணும்னு ஆசைப்படுறவங்களுக்கு, ஆசைப்படணும், நம்ம செடியை நாம படிக்காம வேற யாரு படிக்கிறது, ஆனா அது சுலபமான இலை இல்ல. கொழுந்தை அரைச்ச உடனே அதுல இருக்குற கட்டெச்சின்ங்கற பொலிபீனோலை பொலிபீனோல் ஒக்சிடேஸ் நொதியம் ஒட்சியேற்றும், ஃபெக்டரியில பச்சைக் கொழுந்து சிவந்து கறுப்புத் தேயிலையாகுறதும் அதே தாக்கம்தான். அப்ப உருவாகுற குயினோன்கள் போய் ஒட்டுறது எங்க தெரியுமா, புரதத்தோட அமைன்லயும் தயோல்லயும். நீங்க என்எச்எஸ், மலேமைட் ஒட்ட நினைக்கிற அதே இடங்கள். அப்புறம் எவ்வளவு நல்ல சாயம் போட்டாலும் ஒட்ட இடம் இருக்காது, புரதமும் ஒண்ணோட ஒண்ணு சிக்கிப் படிஞ்சிடும். அதனால கொழுந்தைக் கிள்ளுன கையோட திரவ நைதரசன்ல போட்டு, உருக விடாம பிவிபிபி பொடியோட அரைங்க, அது பொலிபீனோலை இழுத்து வச்சுக்கும், பஃபர்ல அஸ்கோபிக் அமிலம் இல்லன்னா மேர்கப்டோஎதனோல் சேருங்க, டிசிஏ (டிரைகுளோரோஅசெட்டிக் அமிலம்) அசெட்டோன்ல படிய வச்சுக் கழுவுங்க. கரைசல் பிரவுணா வந்தா அதுல லேபிள் போடாதீங்க, திரும்ப எடுங்க. மேர்கப்டோஎதனோல் போட்டிருந்தா மலேமைட்டுக்கு முன்னாடி அதையும் கழுவி எடுத்துடணும், டிடிடிக்குச் சொன்ன அதே காரணம்தான்.

இலையை அப்படியே மைக்ரோஸ்கோப்ல பாக்குறதா இருந்தா பச்சையம் 680 நானோமீட்டர் பக்கம் தானாவே சிவப்பா எரியும், அதனால சை 5 மாதிரி தூரச் சிவப்புச் சாயம் எடுக்காதீங்க. நீலப் பக்கம் லிக்னினும் பீனோலும் எரியும். நடுவுல செம்மஞ்சள் பக்கம் உள்ள சாயந்தான் கொஞ்சம் நிம்மதி. ஃபிக்ஸ் பண்ண இலைன்னா எதனோல்ல ஊற வச்சு பச்சையத்தை எடுத்துடலாம். கலச்சுவர் வழியா அன்டிபொடி போகாது, மெல்லிசா வெட்டணும் இல்லன்னா செலுலேஸ் நொதியம் போட்டுச் சுவரை இளக்கணும்.

கடைசியா கொன்ட்ரோல். சாயமே போடாத ஒரு ஸ்லைட், ரெண்டாவது அன்டிபொடி மட்டும் போட்ட ஒரு ஸ்லைட், ரெண்டு நிறம் பாவிக்கிறீங்கன்னா ஒவ்வொரு நிறமும் தனியா போட்ட ஸ்லைட், டேக் மட்டும் தனியா உள்ள பிளாஸ்மிட் போட்ட கலம், அந்தப் புரதமே இல்லாத கலம் கிடைச்சா அது எல்லாத்துக்கும் மேல. கிட் காசு கூடன்னு கொன்ட்ரோலை வெட்டச் சொன்னா ஒத்துக்காதீங்க, சாம்பிளைக் குறைச்சாவது கொன்ட்ரோலை வைங்க, அது இல்லாத படத்தை நம்புறதுக்கு யாருக்கும் காரணம் கிடையாது. டேக் போட்ட புரதம் வேலை செய்யுதான்னு பாக்க, அந்தப் புரதம் இல்லாம நோயாளியா இருக்குற கலத்துல டேக் போட்டதைக் குடுத்துப் பாருங்க, கலம் தேறிடுச்சுன்னா டேக் அதைக் கெடுக்கலன்னு தைரியமா சொல்லலாம்.

மைக்ரோஸ்கோப்ல உக்காரும்போது முதல்ல பிரகாசமான ஸ்லைடை வச்சு எக்ஸ்போஷரையும் லேசர் பவரையும் செட் பண்ணுங்க, ஒரு பிக்சல் கூட உச்சத்துல போய் அடைக்கக் கூடாது. அதே செட்டிங்கை மாத்தாம கொன்ட்ரோல் உட்பட எல்லா ஸ்லைடையும் எடுங்க, ஓட்டோ எக்ஸ்போஷரை நிறுத்திடுங்க, அது வெறும் ஸ்லைடைக் கூட வெளிச்சமாக்கிக் காட்டிடும். மைக்ரோஸ்கோப் தர்ற ஒரிஜினல் ஃபைலை அப்படியே ரெண்டு இடத்துல சேவ் பண்ணுங்க, ஜேபெக் மட்டும் வச்சுக்கிட்டா பிறகு அளக்க முடியாது. ஃபைல் பேர்ல திகதி, சாயம், அன்டிபொடியோட லொட் நம்பர் எல்லாம் இருக்கட்டும், ஏன்னா அடுத்த லொட் வாங்கும்போது அதே பேர்ல வந்தாலும் அதே மாதிரி வேலை செய்யும்னு நிச்சயமில்ல, பழைய லொட்டோட ஒரு தடவை பக்கத்துல வச்சு ஓட்டிப் பாத்துட்டுத்தான் மாத்தணும்.